விடுதி வைஃபையில் என் ஆதாரை நானே பார்த்த இரவு

2023 ஏப்ரல் முதல் வாரம். வங்கிக் கிளைத் தணிக்கைக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தேன். அந்த நாட்களில் பகல் முழுவதும் கிளையில் இருப்போம். இரவில் விடுதி அறையில் உட்கார்ந்து கணக்குகளைச் சரிபார்ப்போம். காந்திபுரத்தில் நடுத்தர வாடகையில் ஒரு விடுதி. அதன் பெயர் இங்கே தேவையில்லை. சுத்தமான அறை, மரியாதையான ஊழியர்கள், பெண்கள் தனியாகத் தங்கத் தயங்க வேண்டாத இடம்.

ரிசப்ஷனில் இருந்த தம்பி என் ஆதார் அட்டையை வாங்கி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்துவைத்து ஒரே நகலாக எடுத்துக்கொண்டார். வைஃபை கடவுச்சொல்லை லேமினேட் செய்து கண்ணாடித் தடுப்பிலேயே ஒட்டியிருந்தார்கள். விடுதியின் பெயர், அதன் வாலில் 123. நானும் பக்கத்து அறையில் தங்கிய என் இளைய சக ஊழியையும் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு மேலே போனோம்.

இரவு பத்தரை மணி இருக்கும். மடிக்கணினியை வைஃபையில் இணைத்தேன். இந்த நெட்வொர்க்கில் உள்ள மற்ற கணினிகளுக்கு உங்கள் கணினி தெரியலாமா என்று திரையின் ஓரத்தில் ஒரு கேள்வி வந்தது. வேலை அவசரம். ஆம் என்று அழுத்திவிட்டேன். சக ஊழியையின் கணினியிலிருந்து ஒரு கடன் பட்டியலை எடுக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் செய்வதுபோலவே நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தேன். ஏழு கணினிகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது. நான்கு யாருடையவை என்று தெரியவில்லை. ஏழாவது பெயர் ‘ரிசப்ஷன்’ என்று முடிந்தது.

அதை நான் திறந்திருக்கக் கூடாது. ஆனால் திறந்தேன். கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. உள்ளே ‘ஸ்கேன்’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் தேதியும் அறை எண்ணும் சேர்த்துப் பெயரிட்ட படங்கள். தபால்தலை அளவில் முகங்கள் வரிசை வரிசையாக நின்றன. வழுக்கைத் தலையர் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், கல்லூரி வயதில் இரண்டு பெண்கள். கடைசி வரிசையில், அன்றைய தேதிக்கும் 304 என்ற எண்ணுக்கும் மேலே, பத்து வருடத்துக்கு முன்பு எடுத்த என் முகம். அந்த ஒன்றை மட்டும் திறந்தேன். என் பெயர், பிறந்த தேதி, பன்னிரண்டு இலக்க எண், மதுரையில் என் வீட்டுக் கதவு எண் வரை எல்லாம் அதில் இருந்தன.

எழுந்துபோய் அறையின் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தேன். 304-இல் ஒரு பெண் இருக்கிறாள், அவள் முகம் இது, ஊரில் அவள் வீடு இது என்று அந்தக் கட்டடத்தில் கணினி வைத்திருக்கும் யாருக்கும் அந்த நேரத்தில் தெரிந்துகொள்ள முடியும். அதற்கு ஹேக்கர் தேவையில்லை, இரண்டு முறை சொடுக்கினால் போதும்.

சக ஊழியையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு, “அக்கா, அப்படியானால் உங்கள் கணினியும் இதேபோலத்தானே எல்லோருக்கும் தெரியும்?” என்று கேட்டாள். எனக்குத் தோன்றாத கேள்வி அது. அவள் கணினியில் என் பெயரைத் திறந்து பார்த்தோம். அதுவும் கடவுச்சொல் கேட்காமல் திறந்துகொண்டது. அலுவலகத்தில் ஆளுக்கு ஆள் பென்டிரைவ் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்று, ‘எவரிஒன்’ என்ற அனுமதியோடு ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து வைத்திருந்தோம். அதில் ஒரு வங்கிக் கிளையில் கடன் வாங்கியவர்களின் பெயர்களும் பான் எண்களும் நிலுவைத் தொகைகளும் இருந்தன. யார் யாரோ என்னை நம்பி ஒப்படைத்த விவரங்கள். என் ஆதார் வெளியில் கிடந்ததைவிட இதுதான் என்னை அதிகம் உலுக்கியது. விடுதி செய்ததும் நான் செய்ததும் ஒரே தவறு.

பதினொரு மணிக்குக் கீழே இறங்கிப்போய் அந்தத் தம்பியிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. என் மடிக்கணினியிலேயே காட்டியதும் முகம் வெளுத்துவிட்டது. “மேடம், மேனேஜர் சார் அறையில் இருக்கும் கணினியிலும் இது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இப்படி வைத்தார்கள். தங்குபவர்களுக்கும் தெரியும் என்று எங்களுக்குத் தெரியாது” என்றார். அவர் சொன்னதை நான் நம்பினேன். நானும் அதே காரணத்துக்காகத்தானே என் ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தேன். மறுநாள் காலை வைஃபை பார்க்கும் ஆள் வந்தார். ரவுட்டரில் தங்குபவர்களுக்குத் தனி நெட்வொர்க் ஒன்றை ஏற்படுத்தி, அதில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி செய்தார். நான் காபி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. அத்தனை சிறிய வேலை.

அன்று முதல் விடுதி இணையத்தை ஒண்டுக்குடித்தனமாகத்தான் நினைக்கிறேன். எல்லா வீட்டுக் கதவும் ஒரே முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். முற்றத்தில் யார் நடமாடலாம் என்று தீர்மானிப்பது வீட்டுக்காரர், அதாவது விடுதி. அவர் நல்லவராக இருக்கலாம், கவனம் இல்லாதவராகவும் இருக்கலாம். நம் கதவு மட்டும் நம் பொறுப்பு. விண்டோஸில் அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றால், இணைந்த வைஃபையின் பெயரை செட்டிங்ஸில் திறந்தால் பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். வீட்டையும் அலுவலகத்தையும் தவிர எந்த இடமாக இருந்தாலும் பப்ளிக் என்றுதான் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மற்ற கணினிகளுக்கு உங்கள் கணினி தெரியாது. ஆப்பிள் மடிக்கணினியில் ஃபைல் ஷேரிங்கை அணைத்துவிட வேண்டும். ஏர்டிராப்பை எல்லோருக்கும் என்று விட்டுவைக்காமல் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்ற வேண்டும். எங்கள் அலுவலகத்தில் பகிர்ந்த ஃபோல்டர்களுக்கு இப்போது கடவுச்சொல் உண்டு. வெளியூர் போகும் கணினியில் பகிர்ந்த ஃபோல்டரே கிடையாது.

அடுத்தது ரிசப்ஷன் மேசை. தங்குபவர் யார் என்று சரிபார்க்க வேண்டிய பொறுப்பு விடுதிக்கு உண்டு, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆதாரின் முழு எண்ணும் அவர்கள் கணினியில் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை. 2022 மே மாத இறுதியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலை எந்த நிறுவனத்திடமும் கண்டபடி கொடுக்காதீர்கள், உரிமம் இல்லாத விடுதிகளும் திரையரங்குகளும் அதை வாங்கி வைக்கக் கூடாது, மாஸ்க்டு ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்றது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டு நாளில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அறிவிப்பு போனாலும் மாஸ்க்டு ஆதார் போகவில்லை. ஆணையத்தின் இணையதளத்தில் இறக்கும்போதே அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். முகமும் முகவரியும் அதிலும் இருக்கும் என்பதால், நகலின் குறுக்கே விடுதியின் பெயர், தேதி, ‘அறை பதிவுக்கு மட்டும்’ என்ற மூன்றையும் பேனாவால் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கிறேன். பையில் எப்போதும் இரண்டு நகல்கள் இருக்கும்.

விடுதிக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்து ஆதாரை அச்செடுப்பதை விட்டுவிட்டேன். அந்தக் கோப்பு டவுன்லோட்ஸில் தங்கிவிடும். கடவுச்சொல் கேட்கும் கோப்புதானே என்று நினைக்கலாம். ஆனால் அந்தக் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான். அந்த இரண்டையும் பதிவேட்டில் நாமே எழுதிக் கொடுத்திருப்போம். அந்தக் கணினியிலேயே விசைப்பலகையில் தட்டுவதைத் திருடும் மென்பொருள் இருக்கவும் கூடும். டாலஸ் பகுதி விடுதிகளின் பொதுக் கணினிகளில் அப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடித்த பிறகு, 2014 ஜூலையில் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் விடுதித் துறையை எச்சரித்தது.

வைஃபை என்றாலே பக்கத்து அறைக்காரன் நம் மின்னஞ்சலைப் படித்துவிடுவான் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஒரு காலத்தில் அது உண்மையாகவே நடக்கக்கூடியதாக இருந்தது. 2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்ற சிறு மென்பொருள் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் அதைச் சேர்த்துவிட்டால், அதே பூட்டில்லாத வைஃபையில் இருப்பவர்களின் ஃபேஸ்புக் கணக்குகள் ஓரத்தில் பட்டியலாக வரும். ஒன்றைச் சொடுக்கினால் அவராகவே உள்ளே போய்விடலாம். அன்றைக்குப் பல தளங்கள் கடவுச்சொல் தட்டும் பக்கத்தை மட்டும் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துவிட்டு, மீதியைத் திறந்த அஞ்சலட்டையாக அனுப்பிக்கொண்டிருந்தன. அந்தக் கூச்சலுக்குப் பிறகு பெரிய தளங்கள் எல்லாப் பக்கங்களையும் மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ் முறைக்கு முழுவதுமாக மாறின. 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு அதற்குத் தேவையான சான்றிதழ்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் சிறு தளங்களும் மாறின. 2018 ஜூலையிலிருந்து அப்படி மாறாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று குரோம் முகவரிப் பட்டையிலேயே சொல்லிவிடுகிறது.

ஆகவே இன்று ஒழுங்கான வங்கித் தளத்தில் நீங்கள் பார்ப்பதை விடுதி நெட்வொர்க்கில் இருக்கும் ஒருவரால் படிக்க முடியாது. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது மட்டும் பெரும்பாலும் தெரியும். எந்த வங்கி என்று தெரியும், எவ்வளவு இருப்பு என்று தெரியாது. அதுவே சிலருக்கு அதிகம்தான். ஒரு பெண் இரவில் எந்த மருத்துவமனையின் தளத்தைத் தேடினாள் என்பது விடுதி ரவுட்டருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இந்தப் பாதுகாப்பு முழுவதும் ஒரே ஒரு பொத்தானில் கவிழ்ந்துவிடும் என்பதைப் பின்னால் ஓசூரில் தெரிந்துகொண்டேன். காலையில் மின்னஞ்சலைத் திறந்தால், ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்று சிவப்புக் குறியோடு முழுத்திரை எச்சரிக்கை. கீழே சிறிய எழுத்தில், ஆபத்தை ஏற்றுத் தொடரலாம் என்று ஒரு வழி. கிளைக்குப் போக வண்டி காத்திருந்தது. தொடர்ந்துவிடலாமா என்று விரல் அந்த இடத்துக்குப் போய்விட்டது. கோயம்புத்தூர் இரவு நினைவுக்கு வந்ததால் நிறுத்தினேன். அந்த எச்சரிக்கைக்கு, எதிரில் இருப்பது உங்கள் மின்னஞ்சல் நிறுவனம்தான் என்று உறுதியாகவில்லை, நடுவில் யாராவது நிற்கலாம் என்று பொருள். அன்று நடுவில் நின்றது திருடன் இல்லை, விடுதியின் வைஃபை உள்நுழைவுப் பக்கம்தான். முதல் நாள் வாங்கிய 24 மணி நேர அனுமதி முடிந்துபோயிருந்தது. நான் எந்தத் தளத்தைக் கேட்டாலும் அது தன் பக்கத்தைத் திணிக்கப் பார்த்தது. ஆனால் திருடன் நின்றாலும் திரையில் தெரிவது அதே எச்சரிக்கைதான். வேறுபாட்டை நம்மால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் நான் தொடர்வதே இல்லை. நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒரு தளம் இதற்கென்றே இருக்கிறது. அது வேண்டுமென்றே மறையாக்கம் இல்லாமல் வைக்கப்பட்டது. அதைத் திறந்தால் விடுதியின் உள்நுழைவுப் பக்கம் எச்சரிக்கை இல்லாமல் வந்துவிடும். உள்ளே நுழைந்த பிறகும் மின்னஞ்சலில் எச்சரிக்கை வந்தால், அந்த வைஃபையை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

அந்த உள்நுழைவுப் பக்கத்தில் கைபேசி எண்ணும் ஓடிபியும் கேட்பார்கள். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்பு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டில்லாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. அதற்குப் பிறகுதான் பொது வைஃபையைப் பயன்படுத்துபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. ஆகவே எண் கேட்பதில் தவறில்லை, கொடுக்கிறேன். பிறந்த தேதி, மின்னஞ்சல், ஃபேஸ்புக் மூலம் உள்நுழைக என்பவை விளம்பரத்துக்கானவை. மின்னஞ்சலின் கடவுச்சொல்லை எந்த வைஃபை பக்கமும் கேட்கக் கூடாது. கேட்டால் அது வலை. ஆஸ்திரேலியாவில் 2024-இல் ஒருவர் மீது இதற்காகவே வழக்குப் பதிவானது. விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களிலும் உண்மையான வைஃபையின் பெயரிலேயே போலி வைஃபை வைத்து, இணைந்தவர்களிடம் மின்னஞ்சல், சமூக ஊடகக் கடவுச்சொற்களை வாங்கியதாகக் குற்றச்சாட்டு. எனவே பட்டியலில் ஒரே மாதிரி இரண்டு பெயர்கள் தெரிந்தால் ரிசப்ஷனுக்கு போன் செய்து சரியான பெயரைக் கேட்டுக்கொள்கிறேன். கேட்பதில் என்ன கூச்சம்?

வைஃபையில் இணைந்ததும் எதையாவது அப்டேட் செய்யச் சொல்லிப் பக்கம் வந்தால் உடனே மூடிவிடுங்கள். 2014 நவம்பரில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கை டார்க்ஹோட்டல் என்ற உளவுக் குழுவைப் பற்றி வெளியிட்டது. ஆசியாவின் உயர்தர விடுதிகளில், தங்குபவர் தன் குடும்பப் பெயரையும் அறை எண்ணையும் தட்டி இணைந்ததும், ஃபிளாஷ் பிளேயர் போன்ற மென்பொருள்களின் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று காட்டி உளவு மென்பொருளை இறக்கவைத்தார்கள். அவர்கள் குறிவைத்தது பெரிய நிறுவனங்களின் தலைவர்களை. நம்மைத் தேடி அப்படி யாரும் வரமாட்டார்கள். ஆனாலும் அந்த உத்தியைச் சில்லறைத் திருடர்களும் கையாளலாம். அப்டேட் எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புகிறேன்.

விபிஎன் போட்டால் போதாதா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். கணினியிலிருந்து விபிஎன் நிறுவனம் வரை அது ஒரு மூடிய குழாய். விடுதிக்கு எந்தத் தளம் என்பதும் தெரியாது. ஆனால் விடுதி பார்த்ததையெல்லாம் பார்க்கும் இடத்தில் குழாயின் மறுமுனையில் இருப்பவர் வந்து உட்கார்ந்துவிடுவார். முன்பின் தெரியாத இலவச விபிஎன்னை நம்புவதைவிட விடுதியையே நம்பலாம் என்பது என் எண்ணம். வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டபோது, சில பெரிய விபிஎன் நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அகற்றிக்கொண்டன. யாரிடம் எந்த விவரம் தங்குகிறது என்பதைப் படித்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அலுவலகம் தரும் விபிஎன் இருந்தால் அதுவே நல்லது. அன்றைய இரவில் விபிஎன் போட்டிருந்தாலும் என் ஆதார் அந்த ஃபோல்டரில்தான் கிடந்திருக்கும்.

என் வழக்கம் இப்போது வேறு. வேலைக்குக் கைபேசியின் ஹாட்ஸ்பாட். நாளுக்கு ஒன்றரை ஜிபி வருகிறது. மின்னஞ்சலுக்கும் எக்ஸெல் கோப்புகளுக்கும் அது தாராளம். அறையில் சிக்னல் இல்லையென்றால் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். படம் பார்க்கவும், வீட்டில் குழந்தையோடு வீடியோவில் பேசவும் விடுதி வைஃபை.

தொலைக்காட்சியில் யாரும் தங்கள் கணக்கோடு நுழையாதீர்கள். சேலத்தில் ஓர் அறையில் யூடியூபைத் திறந்தேன். எனக்கு முன்னால் தங்கியவரின் பெயரும், அவர் குழந்தை பார்த்த பாட்டுகளும், அவர் தேடிய முழங்கால் வலி மருத்துவமும் வந்து நின்றன. ரிமோட்டை எடுத்து அவர் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் தூங்கினேன். அறையைக் காலி செய்யும்போது கைபேசியிலும் கணினியிலும் அந்த வைஃபையின் பெயரை ‘மறந்துவிடு’ என்று கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அதே பெயரில் வேறொரு வைஃபையைக் கண்டாலும் அவை தாமாகவே இணைந்துகொள்ளக்கூடும்.

2024 ஏப்ரலில் அதே காந்திபுரம் விடுதிக்கு மறுபடியும் போனேன். பழைய தம்பி இல்லை, வேலை மாறிப் போய்விட்டாராம். வைஃபைக்கு அறைக்கு ஒரு கடவுச்சொல்லாகச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அறைக்குப் போய்ச் சோதித்தேன், வேறு எந்தக் கணினியும் தெரியவில்லை. ஆனால் அதற்கு முன்பே, கீழே மேசையில், புதிதாக வந்திருந்த இளைஞர் ஒரு கைபேசி எண்ணைச் சொல்லி, “ஆதாரை இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள் மேடம்” என்றார். அது விடுதியின் எண்ணா என்று கேட்டேன். அவருடைய சொந்த எண்தான். அசலைக் காட்டுகிறேன், கடைசி நான்கு இலக்கத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், குறுக்கே எழுதிய நகல் ஒன்றும் தருகிறேன் என்றேன். அவர் தயங்கினார். மேனேஜரை அழைத்தார். மேனேஜருக்கு என்னை நினைவிருந்தது. பின்னால் வரிசையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான்கு நிமிடம் ஆனது. இளைஞர் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். எனக்குப் பின்னால் நின்றவர் கைபேசியில் தன் ஆதார் படத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அதை நிறுத்திவிட்டு, பையிலிருந்து அட்டையை வெளியே எடுத்தார்.